தாழி மேட்டுக்கு நான் எழுதிய வழி

இந்த 2009 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ராமநாதபுரம் போனதற்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். அங்கே உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு கழகம் நடத்துகிறார்கள். மாதம் ஒரு தொல்லியல் சொற்பொழிவு, அனுமதி இலவசம், யார் வேண்டுமானாலும் வரலாம். இந்த மாதத் தலைப்பு "சிக்கல் வட்டாரத்துத் தாழிகள்" என்று பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தாழி என்றால் பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. சிக்கல் பக்கத்துத் தாழி மேடு ஒன்றைப் பற்றிப் போன வருடம் தை மாதத்தில் இதே வலைப்பதிவில் எழுதியவன் நான். பேச வரும் பேராசிரியர் மேடையில் என் பெயரைச் சொன்னாலும் சொல்வார் என்று ஒரு நப்பாசை. அதற்காகச் சட்டையைத் தேய்த்து வேறு போட்டுக்கொண்டு போனேன், வெட்கக்கேடு.

பழைய வாசகர்களுக்கு அந்தப் பதிவு நினைவிருக்கும். வழி தெரியாமல் கருவேலங்காட்டில் சுற்றிக்கொண்டிருந்த என்னை, மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். முள்ளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்து மேட்டையும் காட்டினார். எனக்குத்தான் எதையும் அளக்காமல் விட முடியாதே. திரும்பும்போது காலடியை எண்ணிக்கொண்டே வந்தேன். டீக்கடையிலிருந்து கண்மாய்க்கரை, கரையில் எந்த மரத்தில் திரும்ப வேண்டும், மொத்தம் ஒரு கிலோமீட்டர் நானூறு மீட்டர், எல்லாம் எழுதினேன். படமும் போட்டேன். "வழி புரியாவிட்டால் மிளகாய்க் காட்டு அக்காவைக் கேளுங்கள், அன்பாகக் காட்டுவார்" என்று சேர்த்தேன். அதோடு விட்டேனா? "உள்ளே என்னென்ன இருக்கிறதோ, யார் கண்டது!" என்று ஆச்சரியக்குறி போட்டு முடித்தேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10க்குப் பஸ். ராமநாதபுரத்துக்கு மூன்று மணி நேரம், நாற்பது ரூபாய். சொற்பொழிவு மாலை நான்கு மணிக்குத்தான் என்பதால் வேறு பஸ் பிடித்துப் பாம்பன் போனேன். பாலத்தில் காற்று ஆளைத் தூக்கியது. கீழே படகுகள் கரையோடு கட்டிக் கிடந்தன, ஒரு இன்ஜின் சத்தம்கூட இல்லை. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவரிடம் கடலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "இந்தக் காத்துல எங்கிட்டுப் போறது? போனாலும் பொணமாத்தான் வரணும்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. நாற்பத்தைந்து ரூபாய்க்கு மீன் சாப்பாடு. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சொற்பொழிவு நடந்தது ஒரு பள்ளிக்கூடத்து மாடியில். அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதி காலி. கழகச் செயலாளர் ஜமால் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து வரவேற்றார். கீழக்கரைக்காரர், இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் கொடுத்தார். இங்கே கேள்வியை வாயால் கேட்கக் கூடாது, எழுதித்தான் கொடுக்க வேண்டும். "மைக்கைக் குடுத்தா கேள்வி கேக்க மாட்டாங்க சார், தனியா ஒரு சொற்பொழிவே நடத்திடுவாங்க. அல்லாஹ் காப்பாத்தணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல ஏற்பாடு என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

பின்வரிசையில் உட்கார்ந்தேன். பேச்சு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் வந்து, ஒரு நாற்காலி விட்டு அடுத்ததில் உட்கார்ந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மிளகாய்க் காட்டு அக்கா. பெயரைப் பஞ்சவர்ணம் என்று மாற்றி எழுதுகிறேன். ஒன்றரை வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சீட்டை நீட்டினார்.

"தம்பி, எனக்கு எழுதத் தெரியாது. இதுல ஒண்ணு எழுதித் தாரீகளா?"

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் முதலிலிருந்து சொன்னார். "போன ஆவணியில நாலு பேரு கார்ல வந்தானுக. 'மிளகாக் காட்டு அக்கா நீங்கதான'ன்னு கேட்டானுக. கையில ஒரு பேப்பரு. அதுல மேட்டு போட்டோ, என் காட்டு வேலியும் தெரியுது. படிச்ச ஆளுகளாட்டம் இருக்கவும் கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். மூணா நாளு விடிஞ்சு பாத்தா மேடு பூராம் குழி. அவிங்களோட நான் போனத ஊரே பாத்துச்சு. பொதையல எடுத்துக் குடுத்துப் பங்கு வாங்கிட்டேன்னு பேச்சாயிருச்சு."

என் பதிவு. என் படம். நான் அந்த அக்காவுக்கு வைத்த பெயர்.

"ஐப்பசி மழையில குழி நெறஞ்சு கெடந்துச்சு. ஆட்டத் தேடிப் போன எங்க வீட்டு மனுசன் உள்ள விழுந்து தொடை எலும்பு ஒடஞ்சுருச்சு. அதுக்கும், மிச்சத்த எடுக்கப் போயி விழுந்தான்கிறாக. இந்த வருசம் ஒருத்தரும் என்னப் பழம் பறிக்கக் கூப்புடல. பேப்பரப் பாத்துத்தான் வந்தானுகன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டேங்குறான்." முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்த நான்கு பேரைக் காட்டினார். "அந்தா, எங்க ஊர்த் தலைவரு. கால்ல விழுகாத கொறையாக் கூட்டியாந்துருக்கேன். அதுல தங்கம் கெடையாதுன்னு வாத்தியாரு வாயால ஒரு வார்த்த சொல்லச் சொல்லி எழுதுங்க. அது போதும் எனக்கு."

பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்கள எங்கயோ பாத்தாப்புல இருக்கே?"

"இருக்காதுக்கா. நான் திருச்சி" என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா?

பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார். திரையில் மேடு வந்தது. பிறகு குழிகள், கடப்பாரையால் குத்திய தாழிகள், மண்ணோடு சிதறிய எலும்புகள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு சீட்டையும் எழுதினேன். இங்கேதான் என் இரண்டாவது பாவம். அக்கா சொன்னது ஒரு வேண்டுகோள். ஆனால் இது கேள்வி நேரம், கேள்வியைக் கேள்வியாகத்தானே எழுத வேண்டும்? அதனால் முறையாக, அழகான கையெழுத்தில் எழுதினேன்: "இந்தத் தாழிகளில் தங்கம் இருக்க வாய்ப்பு உண்டா?"

ஜமால் அதை ஒலிபெருக்கியில் படித்தார். முன்வரிசை நான்கு பேரும் நிமிர்ந்தார்கள். பேராசிரியர் நேர்மையான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அங்கே எங்களுக்குக் கிடைத்தவை மண் கலங்களும் எலும்பும்தான். ஆனால் வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேறு இடங்களில் மிக அபூர்வமாகச் சிறு பொன் துணுக்குகள் கிடைத்ததுண்டு."

அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஊர்த் தலைவர் பக்கத்து ஆளின் தொடையில் தட்டி, "கேட்டுக்கிட்டியா?" என்றார். பின்னால் திரும்பிப் பஞ்சவர்ணம் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்கா என்னைத்தான் பார்த்தார். "நான் இதையா தம்பி எழுதச் சொன்னேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் சீட்டு இன்னும் என்னிடம் இருந்தது. "மேட்டுக்கு வழியை இணையத்தில் எழுதியவன் நான். இந்த அம்மாவுக்கும் திருடர்களுக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி என் பெயரையும் போட்டேன். ஜமால் பின்வரிசை வரை வந்தார். "இன்னும் சீட்டு இருக்கா? சார், உங்கள்ட்ட?" என் கையில் பேனா திறந்தே இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இல்லைங்க" என்று சொல்லிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நன்றியுரை சொன்னார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அக்கா டீ குடிக்காமலே கீழே இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் ராமேசுவரம் போவதாகத் திட்டம். போக மனம் வரவில்லை. காலையில் சிக்கல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். டீக்கடையிலிருந்து நடந்தேன், எண்ணாமல் நடக்க முயன்றும் கால் தானாக எண்ணியது. மேட்டில் பதினோரு குழிகள். விளிம்பெல்லாம் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், காலை வைத்தால் நொறுங்குகின்றன. மிளகாய்க் காடு உழாமல் வெடித்துக் கிடந்தது.

விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வந்த ஆளைப் பார்க்கத் தலையை மட்டும் திருப்பினார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், திருச்சி என்று சொன்ன பொய் உட்பட. அக்கா கத்தவில்லை, வையவுமில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"இதை இங்கன வந்து சொல்றீகளே தம்பி. நேத்து அங்கன, அத்தன பேரு முன்னாடி, வாத்தியாரும் இருக்கையில சொல்லியிருந்தா?"

ஊர்த் தலைவரிடம் சொல்கிறேன் என்று அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன். டீக்கடை வாசலில் தலைவரோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சட்டைப்பையிலிருந்த சீட்டைக்கூட எடுத்துக் காட்டினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நேத்து இவ பக்கத்துல உக்காந்து சீட்டு எழுதுன ஆளுதான நீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "போன வருசம் தையில வந்து மேட்டை அளந்துட்டுப் போனதும் நீங்கதான்?" அதற்கும் ஆமாம் என்றேன். அவர் கூட இருந்தவர்களைப் பார்த்தார். "அப்பச் சரி. கூட்டாளி ஆரு, ஆருன்னு இத்தன நாளாத் தேடிக்கிட்டிருந்தோம். இன்னைக்குத் தானா வந்துருச்சு."

யாரோ சிரித்தார்கள். நான் என்னென்னவோ சொன்னேன், குரலை உயர்த்தினேன், இணையம் என்றால் என்னவென்று விளக்கினேன். எவ்வளவு பேசினேனோ அவ்வளவும் அக்காவின் தலையில்தான் விழுந்தது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மதுரை திரும்பியதும் ஜமாலுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். நல்ல மனிதர். பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அவரே ஊருக்குப் போய்ப் படித்துக் காட்டினார். "இதுவரை தங்கம் கிடைக்கவில்லை" என்று அதில் இருந்ததாம். "இதுவரைன்னா, இனிமே கெடைக்கும்னுதானே அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறார்கள். போனில் இதைச் சொல்லிவிட்டு ஜமால் இன்னொன்றும் சொன்னார். "அன்னைக்கு உங்க மொகத்தப் பாத்துத்தான் சார் கேட்டேன், சீட்டு இருக்கான்னு."

பழைய பதிவை அழித்துவிட்டேன். அழித்து என்ன? மூன்று பேர் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதிக் கேட்டதில் ஒருவர் நீக்கினார். மற்ற இரண்டிலும் என் ஒரு கிலோமீட்டர் நானூறு மீட்டரும் ஆச்சரியக்குறியும் பத்திரமாக இருக்கின்றன.

இனி உங்களுக்கான தகவல். சொற்பொழிவுக்குக் கட்டாயம் போங்கள், மாலை மூன்றரைக்கே போனால் முன்னால் இடம் கிடைக்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு அறை கிடைக்கிறது, கொசுவர்த்தி கொண்டுபோங்கள். ஆடியில் பாம்பன் காற்றுக்குத் தொப்பி நிற்காது. அங்கே யாராவது சீட்டு எழுதித் தரச் சொன்னால் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். இந்தப் பதிவைப் படிக்க வேண்டியவர்கள் அந்த டீக்கடை வாசலில் இருக்கிறார்கள், அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மேட்டுக்கு எப்படிப் போவது என்று பின்னூட்டத்தில் கேட்டிருப்பவர்களுக்கு, அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டதையே சொல்கிறேன். அவ்வளவு நடந்த பிறகும் பஞ்சவர்ணம் அக்கா பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு வந்தார், ஊர் ஆட்கள் என்னை எதுவும் செய்துவிடக் கூடாதே என்று. பஸ் வந்தது. ஏறி, படியில் நின்று, வருகிறேன் அக்கா என்றேன்.

"போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன் தம்பி. இனிமே வராதீக."