அட்டையின் பின்பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையில், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் பழைய ஊட்டி ஹோட்டல் படத் தபாலட்டையை விலைக்குக் கேட்கிறேன். புராதன ஹோட்டல்களின் அட்டைகளைச் சேர்ப்பது என் உயர்ந்த லட்சியம். ஒன்றிலும் தங்கியதில்லை.

கடைக்கார அம்மா அட்டையைத் திருப்பிக் காட்டுகிறார்.

"அங்க சமையல் வேலை பாக்கையில எங்க ஐயா எழுதுனது. படம் வேணும்னா போன்ல புடிச்சுக்கிடுங்க, அண்ணாச்சி."

என் அட்டைகள் எல்லாம் பின்பக்கம் பசை தடவி ஆல்பத்தில் ஒட்டியவை. அவற்றில் ஒன்று, தன் தங்கையோடு மைசூர் போயிருந்தபோது என் மனைவி எனக்கு எழுதியது. ஹோட்டலின் முகப்பு அவ்வளவு அபூர்வம், படிக்காமலே ஒட்டிவிட்டேன். அவள் இறந்து நான்கு வருடமாகிறது. அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுகிறேன்.

"அடப்பாவி மனுசா! வெந்நியில போட்டா பசை விட்டுரும்லா?"

இதில் மட்டும் நான் நிபுணன்.

"பசை விடும்மா. அதுக்கு முன்னாடி மை போயிரும்."