படாக் கிதாருக்கு ஒரு பாஸ்

எங்கள் தீவுக் காட்டுப் படாக் மரத்தில் செய்த கிதாராக இருந்தாலும், மெட்ராஸ் கப்பலில் ஏற்ற மரத்துக்கான பாஸ் வேண்டும். இன்று காலை வன அலுவலக எழுத்தர் என் எதிரிலேயே இதை உறுதி செய்தார்.

பாஸ் கேட்டவர் எங்கள் ஊர் டாலிகஞ்ச் பகுதியின் அந்தோணி, படகு கட்டும் தச்சர். தூத்துக்குடியில் தங்கை கல்யாணத்துக்கு, தானே இழைத்துச் செய்த கிதாரை வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

“கல்கத்தா கிதார் வாங்கியிருந்தா கைய வீசிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம்,” என்றார் மனைவி மேரி.

“அது தகர டப்பா. இதக் கேளு,” என்று அந்தோணி கம்பிகளை ஒருமுறை வருடினார்.

அறையில் தட்டச்சு நின்றது.

எழுத்தர்தான் முதலில் சுதாரித்தார். “பஹுத் அச்சா, அண்ணாச்சி. ஆனா நாற்காலின்னா எழுதலாம், மேஜைன்னா எழுதலாம். இத என்னன்னு எழுத?”

“பாஜான்னு எழுதுங்க சார், வாத்தியம்தானே. மேல்பலகை படாக்கே இல்ல, வேற மரம்.”

“அப்ப ரெண்டு மரத்துக்கும் பாஸ் வேணும்.”

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாத்தியத்துக்குக் கையெழுத்திட வேண்டிய அதிகாரி அடுத்த தீவிலுள்ள ரங்கத் போயிருக்கிறார், வியாழக்கிழமை இரவுதான் திரும்புவார். கப்பல் வெள்ளிக்கிழமை விடிகாலையில் கிளம்புகிறது. மரச்சாமானுக்குத் தன் கையெழுத்தே போதும், நாலு கால் பொருத்திக் கொண்டுவந்தால் இன்றே ‘ஸ்டூல்’ என்று எழுதித் தருவதாக எழுத்தர் சொல்கிறார்.

அந்தோணி மறுத்துவிட்டார். மேரி யோசித்துக்கொண்டிருக்கிறார். வேறு வழி தெரிந்தவர்கள் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.