குபேந்திரனும் பேரையூர்ப் பட்டியலும்

போன செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. குபேந்திரனின் தம்பி. "அண்ணன் போயிருச்சுண்ணே. மாரடைப்பு." "யார்ட்ட விளையாடுற? அவனாவது சாகுறதாவது" என்று எடுத்த எடுப்பில் கத்தினேன். அந்தப் பையன் ஓவென்று அழுதான்.

அவனை அறிந்தவர்களுக்கு அவன் கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. காமராசர் சாலை மாடியறையில் நானும் அவனும், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் தமிழ் லினக்ஸ் சிடி தயாரித்த வருடங்களில், அவன் கையால் உடையாதது அங்கே சுவர் மட்டும்தான். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவான். திட்டுவதற்கு மட்டும் சுத்தமான மதுரைத் தமிழ். "ஃபைல் எங்க இருந்தா என்ன தம்பி, ஓடுனாச் சரி" என்ற கல்லூரி வாத்தியார் ஒருவரைச் சட்டையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டான்.

எந்த ஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு லினக்ஸ்காரர்கள் பொதுவாக ஒத்துக்கொண்ட விதிமுறை உண்டு. நிரல்களுக்கு யூஎஸ்ஆர் என்ற அடைவு, அதாவது ஃபோல்டர். தினமும் மாறும் தகவல்களுக்கு வார் என்ற அடைவு. புதுப் பதிப்பைப் போடும்போது எங்கள் சிடி யூஎஸ்ஆரைத் துடைத்துவிட்டு எழுதும், வாரைத் தொடாது. "ஓடுறது பெரிசில்ல மாப்ள. நம்ம இல்லாதப்ப வேற ஒருத்தன் தேடுனாலும் கிடைக்கணும்" என்பான். முழுக்கச் சோதிக்காமல் சிடி உறையில் 'விதிமுறைப்படி அமைந்தது' என்று அச்சடிக்க விடமாட்டான்.

பேரையூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு, ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை வைத்துக்கொள்ள நான் ஒரு நிரல் எழுதி எங்கள் சிடியில் சேர்த்திருந்தேன். சோம்பேறித்தனத்தில் பட்டியலையும் யூஎஸ்ஆருக்குள்ளேயே வைத்துவிட்டேன். அவன் அதைக் கண்டுபிடித்த அன்று கீபோர்டு பறந்து வந்து என் நெற்றியைப் பிளந்தது. மூன்று தையல். நான் மட்டும் லேசுப்பட்டவனா? நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் இறக்கினேன்.

மறுநாள், "மாத்திட்டியா மாப்ள?" என்று கேட்டான். "மாத்தியாச்சு" என்றேன். மாற்றவில்லை. அடித்தவன் சொல்லி நான் என்ன கேட்பது என்ற வீம்பு. ஒருநாளும் யாரையும் நம்பாதவன், அடித்த குற்ற உணர்ச்சியிலோ என்னவோ, அன்று என் வார்த்தையை நம்பி உறையை அச்சுக்குக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் புதுப் பதிப்பைப் போட்ட அதே வாரம், பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். பட்டியலைத் திறந்தால் ஒரு பெயர்கூட இல்லை. போன் வந்து நாங்கள் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய அண்ணன்மார் வாசலிலேயே நின்றார்கள். "எவன்டா இதைச் செஞ்சது?"

குபேந்திரன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தாண்ணே" என்றான்.

குளுக்கோஸ் ஏற்றும் இரும்புக் கம்பியாலேயே அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. திருப்பி அடிக்க அவன் கை ஓங்கவே இல்லை. நான் சுவரோரம் நின்றேன். இதற்குள் நர்ஸம்மாவுக்குக் கடைவீதியில் அதே ரத்த வகையுள்ள ஒரு தையல்காரர் ஞாபகத்துக்கு வர, ஓடிப்போய் அவரை அழைத்து வந்தார். அந்தப் பெண் பிழைத்தாள்.

பைக்கை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பஸ்ஸில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "மொதல்ல போயி அதை மாத்து. அப்புறம் இதைப் பத்திப் பேச்சே இருக்கக் கூடாது." அவன் வலது கை கடைசிவரை நேராகவில்லை.

"ஊருக்கெல்லாம் விதி பேசுனவன், பேரையூர்ல தானே கோட்டை விட்டான்" என்று நம் லினக்ஸ் வட்டத்தில் எத்தனை வருடமாகச் சிரித்திருக்கிறீர்கள். நானும் டீ குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். சாவு வீட்டில்கூட ஒருவர் சொன்னார். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை நான், பாவி.

இப்போது எழுதுகிறேன். கோட்டை விட்டவன் நான். மாற்றிவிட்டேன் என்று பொய் சொன்னவனும் நான். குபேந்திரன் எதையும் தப்பான இடத்தில் வைத்தவனில்லை. அவன் எனக்கென்று விட்டுப்போனது அவன் பெயரில் கிடக்கும் இந்தப் பழி ஒன்றுதான். அதை எடுத்துக்கொள்கிறேன்.