பொழுதிருக்க எழுந்த சித்தப்பா

பிள்ளைகளே, உங்கள் தரணி சித்தப்பாவை இழந்துவிடுவோமோ என்று நான் பயந்த காலம் ஒன்று உண்டு. அப்போது நீங்கள் பிறக்கவில்லை. திருப்பருத்திக்குன்றத்தில் நம் தெருவுக்குக் கரண்டு வந்த புதிது. என் தம்பிக்கு இருபது வயது. வாலாஜாபாத் அரிசி மில்லில் ராத்திரி முறை வேலை. பகலில் தூங்க வேண்டியவன் தூங்கவில்லை. கோடையில் மில்லே தன்னுடையது போலப் பேசினான், பாடினான், களைப்பே கிடையாது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஐப்பசி மழையோடு ஒரேயடியாகப் படுத்துவிட்டான். வேலையும் போயிற்று. விடிந்தால் தூக்கம், இருட்டினால் விழிப்பு.

"அண்ணே, நான் இருந்து என்னா ஆவப்போவுது?" என்று ஒருநாள் கேட்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காஞ்சிபுரத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். "உடம்புக்குள்ள பகலும் ராத்திரியும் தடம் மாறிப்போச்சு. அதான் மனசும் இப்பிடி ஆடுது. தினம் ஒரே நேரத்துல எழுப்புங்க, சாப்பிட வைங்க, வெயில்ல நிக்க வைங்க" என்றார். மாத்திரையை விழுங்கினான். எழுந்திருக்க மட்டும் மாட்டான்.

பொழுது சாய்ந்தபின் சமணர்களான நம்மவர்கள் வாயில் எதுவும் போடுவதில்லை. அவனுக்காக அந்த வழக்கத்தைத் தளர்த்தினோம். எப்போது எழுந்தாலும் சாப்பிடட்டும் என்று சோற்றை மூடி வைத்தோம். எல்லாம் பாசம்தான். அவனுக்கோ ராத்திரியே பகலாகிவிட்டது.

பகவான் எதையும் கொடுப்பவர் இல்லை, வழி காட்டியவர் மட்டுமே என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த வாதமெல்லாம் தெரியாது. கோயிலில் நின்று அழுதேன். "சுவாமி, அவனை எழுப்ப எனக்கு வழி தெரியவில்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா இரண்டு தட்டுகளோடு அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"தரணி, பொழுது இறங்குதுபா. நீ சாப்பிட்டாதான் நானும்."

"எனக்கு வேணாம் அண்ணி. நீங்க சாப்புடுங்க."

"உனக்குப் பசி இல்ல. எனக்கு இருக்குது."

அவன் எழவில்லை. சூரியன் மறைந்தது. சோற்றை மாட்டுக்குப் போட்டுவிட்டு அவளும் பட்டினியாகப் படுத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் வெயில் மஞ்சளாகும் நேரத்தில், "இந்த அண்ணி செத்து என் தலைல பழியப் போடப் பாக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான்.

"பழி அப்புறம் இருக்கட்டும். கையக் கழுவிக்கினு வா" என்றாள்.

பிறகு தினமும் அவளுக்காகவே எழுந்தான். பொழுதோடு சாப்பிட்டவனுக்கு மெல்ல மெல்லப் பொழுதோடு தூக்கம் வந்தது. மாத்திரையும் வேலை செய்யத் தொடங்கியது. காலையில் கோயில் கிணற்றில் அபிஷேகத்துக்குத் தண்ணீர் இறைக்க அழைத்துப் போனேன். முதுகில் வெயில் பட்டது. தை பிறந்த பிறகு ஒருநாள் என்னை அவன் தட்டி எழுப்பினான். "அண்ணே, விடிஞ்சிடுச்சி. இன்னும் தூங்கிக்கினு இருக்கியே." படுத்தபடியே கைகூப்பினேன்.

இப்போது பகல் வேலைக்குத்தான் போகிறான். மழை நாட்களில் இன்றும் முகம் வாடும். மறைக்காமல் சொல்வான், டாக்டரிடம் போவோம். உங்களில் யாருக்காவது மனம் அப்படிச் சோர்ந்தால் வெட்கப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். பகவானிடமும் சொல்லுங்கள். வழி எந்த உருவத்தில் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எனக்கு அது உங்கள் அம்மாவின் பிடிவாதமாக வந்தது.