வைத்தீஸ்வரன் சுற்றிய டியூப்

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் பிளம்பர் கால் வைக்காத ஒரே வீடு தன் வீடுதான் என்று வைத்தீஸ்வரன் சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்து வீட்டுக்காரியான நான் அதைக் கேட்கும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன். சிரிப்பை எவ்வளவு நேரம்தான் அடக்குவது?

பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மற்றவர்கள் கடைந்து கொடுக்கும் சாமானை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று சொல்ல வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. இட்லி ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக இருந்தால் முகம் சுளிப்பார். பாவம், அவர் மனைவி காந்தா. எந்தப் பிளம்பர் வேலையும் அவர் கண்ணுக்குத் தேறாது. அதனால் குழாய் ஒழுகினால் தானே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இணைப்பின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கம்பியை வைத்து முறுக்குவார். இறுக்கினால் நிற்கும் என்பதுதான் அவருடைய பிளம்பிங் சாஸ்திரம் மொத்தமும்.

நிற்கும், நிற்காமல் என்ன. குழாயில் காவேரித் தண்ணீர் திறந்துவிடும் நாள் வரைக்கும் நிற்கும். எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். அது வேகமாகப் பாயும்போது டியூபுக்கு அடியிலிருந்து பீய்ச்சியடித்து, காந்தா அடுப்பில் வைத்த பால் வரைக்கும் நனையும்.

அப்போது அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பியிருப்பார். கம்பெனி பஸ் முனை திரும்பியதும் நான் போய், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பிளம்பர் சீனுவைக் கூட்டி வருவேன். சீனுவுக்குக் கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. டியூபைப் பிரிப்பான், வைத்தீஸ்வரனை ஏசுவான், குழாய் வளைகிற இடத்தில் விரிசல் விட்ட எல்போவை மாற்றுவான். பிறகு அதே டியூபை அவர் சுற்றிய மாதிரியே சுற்றி, கம்பியையும் முறுக்கிவிட்டுப் போவான். வேலையைவிட வேஷம் போடத்தான் நேரமாகிறது என்று முணுமுணுப்பான்.

வைத்தீஸ்வரன் வீடு திரும்பியதும் டியூபைத் தட்டிப் பார்ப்பார். ஒரு சொட்டு இருக்காது. உங்கள் கை பட்டால் அப்படித்தான் என்று காந்தா முகம் மாறாமல் சொல்வாள். கெட்டிக்காரி!

இப்படியே சில வருஷம் ஓடியது. வம்பு எதிர்வீட்டில் வந்தது. கோவிந்தப்பா மாடி கட்டினார். மாடி முழுக்கக் குழாய் வேலை தனக்குத்தான் வரும், அந்த மழைக்காலத்தை அதை வைத்தே ஓட்டிவிடலாம் என்று சீனு நம்பியிருந்தான். வைத்தீஸ்வரனோ நேரே போய், தானே எல்லாம் போட்டுத் தருவதாகவும் கூலியே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கோவிந்தப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

சீனு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். காந்தாவும் அங்கே இருந்தாள்.

"நான் பாட்டுக்கு சும்னே வாயை மூடிக்கிட்டு டியூபைச் சுத்திக் குடுத்தேங்க்கா. பேரு அவருக்குப் போச்சு, போகட்டும். இப்ப என் சோத்துலயே கை வெக்கிறாரே," என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. காந்தா அழுதேவிட்டாள். உண்மையைச் சொன்னால் வீட்டுக்காரர் மனசு உடைந்துபோவார், சொல்லாவிட்டால் சீனுவின் பிழைப்பு போகும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இது சரிப்படாது என்று நானே கிளம்பினேன். காய்கறி வண்டிப் பக்கத்தில் கோவிந்தப்பாவைப் பிடித்து, இனாம் என்றதும் தலையை ஆட்டிவிடாதீர்கள், வைத்தீஸ்வரன் தன் வீட்டில் போட்ட இணைப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று ஓதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தப்பா வைத்தீஸ்வரன் வீட்டுக்கு வந்து, ஒரு இணைப்பைப் பிரித்துக் காட்டச் சொன்னார். வைத்தீஸ்வரனுக்குப் பெருமை தாங்கவில்லை. என்னையும் கூப்பிட்டு நிற்கவைத்து, தண்ணீரை மூடிவிட்டு, சமையலறைக் குழாயில் டியூபைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கடைசிச் சுற்று கழன்றதும் உள்ளே பளபளவென்று புது எல்போ, மரை ஓரத்தில் மடிப்புக் கலையாத வெள்ளை டேப். தான் தொட்ட வேலையும் தொடாத வேலையும் அவருக்குத் தெரியாதா? கையில் டியூபோடு அப்படியே நின்றார். காந்தா கொத்தமல்லிக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சென்னாகிதே சார், நல்லா இருக்கு," என்றார் கோவிந்தப்பா, குனிந்து பார்த்து. "யாரு பண்ணது?"

வைத்தீஸ்வரன் காந்தாவைப் பார்த்தார். பிறகு எல்போவைப் பார்த்தார்.

"சீனு பண்ணது," என்றார். "நான் பாத்துப் பாஸ் பண்ணது. உங்க மாடியையும் அவன்கிட்டயே குடுங்க."

அடேயப்பா, அந்த நிமிஷம் அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த மரியாதை! கோவிந்தப்பா அன்றைக்கே சீனுவுக்கு ஆள் அனுப்பினார்.

அந்த வாரம் முழுக்க வைத்தீஸ்வரன் காந்தாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு குளியலறைக் குழாய் ஒழுகியது. காந்தா அடியில் ஒரு வாளியை வைத்தாள். அவரே வந்து சொன்னார்.

"சீனுவை வரச் சொல்லு. நான் வீட்டுல இருக்கறப்பவே வரட்டும்."

காந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

சீனு வந்தான். வைத்தீஸ்வரன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் எடுத்த வாஷரை வாங்கி அளந்தார், டேப்பை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சொன்னார், இன்னும் இறுக்கு என்றார். சீனு ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டான். ஒன்று அவர் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் தான் போவதாகச் சொன்னான். காந்தா கெஞ்சிக் கூத்தாடி அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். கண் மட்டும் மெல்ல எங்கள் சமையலறைப் பக்கம் போயிற்று.

"அந்தக் குழாய் சொட்டுது போல இருக்கே," என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

நான் ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.