மாமா குறைத்த எடை

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பல் செட் செய்வது தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் பட்டறையில் உட்கார்ந்து அதற்கேற்ற பல்லை வார்த்து, அரத்தால் தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அதில் ஒரு மயிரிழை கூடிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்கு வாயெல்லாம் புண்ணாகிவிடும். அதனால் கூடுதலாக இருப்பதைத் தேய்த்து எடுப்பது அவருக்குக் கைவந்த கலை. நாளாவட்டத்தில் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. எதை எடுத்தாலும் இதில் வேண்டாதது எவ்வளவு என்றுதான் பார்ப்பார். டீச்சரம்மாவுக்கு வாய் ஒன்றுதான் கொஞ்சம் அதிகம் என்று என்னைச் சொல்வார். நான் வேறு ஊரில் கணக்கு டீச்சர். லீவு விட்டால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்த மறுநாளே எனக்கும் அவருக்கும் ஒரு சண்டை நடந்தாக வேண்டும்.

அக்காவுக்கு வீடு வீடாகத் தபால் கொடுக்கிற வேலை. ஆபீஸ் கொடுத்த இரும்பு சைக்கிள், முன்னால் ஒரு பை, பின்னால் இரண்டு பை. காற்றடிக்கும் நாளில் அதை மிதிப்பதற்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கலாம். வேறு யாராவது என்றால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இவள் அன்றைக்கும் ஒரு கோஷ்டியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஊருக்கு வெளியே ஒரு மலைப்பாதை இருக்கிறது. உச்சியில் சிக்னல் டவர். இறங்காமல் டவர் வரை மிதித்து ஏறிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கடைசி வளைவு வரை போவாள், அங்கே மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளுவாள். திரும்பி வந்து அன்று முழுக்க அந்த வளைவைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

மாமாவுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. சின்ன வயசில் ஒரு முறை விழுந்தார், அதோடு சரி. ஆனால் அக்காவின் ஆசை அவருக்குள் எப்படியோ புகுந்துகொண்டது. "நாள் பூரா இரும்பை மிதிக்கிறவ. ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது காத்தை மிதிக்கட்டுமே" என்றார். யாரோ ஓட்டிக் கழித்த ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். அக்கா டவரைத் தொடுகிற வரை அதன் எடையைக் குறைத்துக்கொண்டே போவது என்று முடிவு செய்தார்.

அப்புறம் அந்த வீட்டில் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. சாப்பாட்டு மேஜை மேல் பெடல் கிடக்கும். சீட்டைத் தாங்கும் குழாய் தேவைக்கு மேல் நீளம் என்று அறுத்தார். ஹேண்டில்பாரின் நுனிகளை அறுத்தார். பிரேக் கேபிள் வீணாக வளைந்து போகிறதாம், அதையும் வெட்டினார். இரும்பு போல்ட்டை எல்லாம் கழற்றிப்போட்டு அலுமினியம் போல்ட் மாட்டினார். பல்லில் துளை போடும் மெஷினால் பிரேக் கைப்பிடியில் வரிசையாக ஓட்டை போட்டார். ஓட்டைக்கு எடை கிடையாது என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. சைக்கிள் கோஷ்டியில் அவருக்கு 'கிராம் சார்' என்று பெயரே விழுந்துவிட்டது. கிண்டல் என்று தெரியாமல் அவரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சின்னச் சாமான்களைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுப்பார். முழு சைக்கிளை அதில் வைக்க முடியாது இல்லையா, அதற்கு அக்கா. குளியலறை வாசலில் கிடந்த எடை மெஷின் மேல் அவள் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்க வேண்டும். இவர் தரையில் குப்புறப் படுத்து நம்பரைப் படிப்பார். அதிலிருந்து அக்காவின் எடையைக் கழித்தால் மிச்சம் சைக்கிள். அக்கா அறுபத்திரண்டு கிலோ. முதல் தடவை அவளைத் தனியாக நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

அவரே ஏறி நிற்கலாமே என்று கேட்டேன். என் எடை காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, என்னை நம்ப முடியாது என்றார். அக்கா அப்படியில்லை. தபால் ஆபீஸில் வருஷா வருஷம் உடம்பைப் பரிசோதிப்பார்கள், என்றைக்கும் அதே அறுபத்திரண்டு. "உங்க அக்கா எடைக்கல்லு மாதிரி. மெஷினை நம்பாட்டியும் அவளை நம்பலாம்" என்றார். அக்காவுக்கு அதைக் கேட்டு வாயெல்லாம் பல்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்குப் போனில்தான் சேதி வரும். சைக்கிள் முழுக்க பெயின்ட்டை உரித்தேன், முக்கால் கிலோ போய்விட்டது, பெயின்ட்டுக்கு இவ்வளவு எடை இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பார். அப்புறம் சீட்டை மாற்றினேன், அரைக் கிலோவுக்கு மேல் போச்சு என்பார். கழற்றிய சாமானைச் சமையலறைத் தராசில் வைத்தால் அவ்வளவு வரவில்லை, ஆனால் மொத்தமாக நிறுத்தால் வருகிறது, எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது என்பார். எல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்யும், இரண்டும் இரண்டும் நாலுதான் என்று நான் கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். ஆசை வந்துவிட்டால் கணக்கெல்லாம் யாருக்கு வேண்டும்?

ஒரு சேதியை மட்டும் அவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். அக்கா கடைசி வளைவு வரைகூட இப்போதெல்லாம் போவதில்லையாம். நடுவிலேயே இறங்கிவிடுகிறாளாம். சைக்கிள் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது போல என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, மறுபடி அரத்தை எடுப்பார். அவள் சீக்கிரம் இறங்க இறங்க இவர் இன்னும் தேய்த்தார். இவர் தேய்க்கத் தேய்க்க மெஷினில் நம்பர் இறங்கியது.

அடுத்த லீவில் நான் போய் இறங்கிய அன்று வீட்டில் அக்கா மட்டும் இருந்தாள். கதவைத் திறந்தவளைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. என்னக்கா இது என்று கேட்டேன். மலை ஏறினால் இளைக்க மாட்டார்களா என்று சிரித்துவிட்டு டீ போடப் போய்விட்டாள். பின்னாலேயே போய் வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். பசி இல்லை, சாப்பிட்டால் வயிறு கனக்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

அந்த நேரத்தில் மாமா சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தபடி வந்தார். சைக்கிள் கடைக்காரரிடம் வண்டி ஆறு கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். பெரிய பெரிய போட்டிக்குப் போகிற வண்டியே அதைவிடக் கனமாக இருக்கும் சார் என்று அந்த ஆள் சிரித்திருக்கிறார். சிரித்ததோடு விடாமல், கொக்கித் தராசில் மாட்டிக் காட்டியும் விட்டார். கிட்டத்தட்ட பத்து கிலோ. கடைத் தராசு பொய், அந்த ஆள் திருடன், இதோ டீச்சர் கண் முன்னாலேயே நிரூபிக்கிறேன் என்று மாமா அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சைக்கிளை வாங்கிக்கொண்டு மெஷினில் ஏறினாள். மாமா படுத்தார். நம்பரைப் படித்து, அறுபத்திரண்டைக் கழித்து, "பாத்துக்கோங்க டீச்சரம்மா, ஆறுக்குக் கீழே" என்றார். படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லித் தருகிறேன். விடை தப்பாக வந்தால் மேலே இருக்கிற எண்ணை மட்டும் பார்க்காதே, கழிக்கிற எண்ணையும் பார் என்பேன்.

"அக்கா, வண்டியை என்கிட்ட குடு. நீ மட்டும் நில்லு" என்றேன்.

"வேண்டாம் விடு. அடுப்புல டீ கொதிக்குது" என்றாள்.

நான் விடவில்லை. சைக்கிளை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஆறு கிலோ என்று நினைத்து வாங்கிய என் கை தொங்கிப்போனது. அக்கா இறங்கப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மாமா நம்பரைப் படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

அவர் எழுந்திருக்கவில்லை. தரையில் கன்னத்தை வைத்தபடி அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார். அக்கா போய் அடுப்பை அணைத்தாள்.

மறுநாளே ஆஸ்பத்திரி. ஸ்கேன், ரத்தம், ஊசி, காத்திருப்பு எல்லாம் ஆயிற்று. வயிற்றுக்குள் புற்று வளர்ந்திருந்தது, ஈரல் வரை போய்விட்டது. எப்போதிருந்து எடை குறைகிறது என்று டாக்டர் கேட்டார். பொதுவாக யாருக்கும் அதற்குச் சரியான பதில் தெரியாதாம். மாமாவுக்குத் தெரிந்திருந்தது. "பெயின்ட் உரிச்சப்போ முக்கால் கிலோ. சீட் மாத்தினப்போ அரைக் கிலோவுக்கு மேல. டயர் மாத்தினப்போ ஒரு கிலோ…" என்று சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். மாமா ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். முடித்த பிறகுதான் அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிடுகிற மனுஷன், அரைப் போல்ட்டின் எடை தெரிகிறவன், எதிரில் உட்கார்ந்திருக்கிறவள் கரைவது எப்படித் தெரியாமல் போகும்? அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது அக்காவிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள். "பெயின்ட் உரிச்ச அன்னிக்கே தெரியும். சட்டையெல்லாம் லூசாயிடுச்சே. ஆனா அந்த மனுஷன் தரையில படுத்துக்கிட்டு, போச்சு போச்சுன்னு கையைத் தட்டினாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அவ்வளவு சந்தோஷமா அவரை நான் பாக்கல. எப்படிச் சொல்றது? டவரைத் தொட்டுட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்குவதற்கு அங்கே ஆள் எங்கே இருந்தாள்? கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாமாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இன்று வரை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் வாரா வாரம் எடை பார்ப்பார்கள், மருந்தின் அளவுக்கு அது வேண்டுமாம். நர்ஸ் மெஷினைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டால் மாமா வராந்தாவுக்குப் போய்விடுவார். நம்பரை யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடமே கேட்டுக்கொண்டார். கிராம் சார் என்று கேலி செய்த கோஷ்டிக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். சரியானதும் மலைக்குப் போகலாம் என்றார்கள். அக்கா தலையை ஆட்டினாள். ஏறுகிற தெம்பு அவளுக்கு இனி வராது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும், அம்மாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள் என்றார் நர்ஸ். மாமா இரண்டு கையாலும் அக்காவைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அவர் கை எதிர்பார்த்ததைவிட மேலே போய்விட்டது. அதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். அவர் முகம் ஒரு கணம் என்னவோ ஆயிற்று. உடனே சமாளித்துக்கொண்டு, முதல் முறையாக ஒரு எடையைப் பொய்யாகச் சொன்னார்.

"கனம் கூடியிருக்கம்மா" என்றார். "போன வாரத்துக்கு இப்ப ஒரு கிலோவாவது கூடியிருக்கு."

அக்கா அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ஒரு கிலோதானா? இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருந்து பாருங்க. சரியாத் தெரியட்டும்" என்றாள்.

நர்ஸ் விரிப்பை மாற்றிவிட்டு, சரி சார், படுக்க வைத்துவிடலாம் என்றார். மாமா வைக்கவில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவளைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். கை நடுங்க ஆரம்பித்த பிறகும் நின்றார். பார்த்தீர்களா, கனம்தான் என்று அக்கா அவர் கழுத்தருகே முணுமுணுத்தாள். ஆமாம், கனம்தான் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.