அக்காவுக்குத் துணை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரிய பெண்பிள்ளைகளைத் தனியாக எங்கும் அனுப்ப மாட்டார்கள். கோயிலுக்கோ பசறைக் கடைத்தெருவுக்கோ போனாலும் கூடவே ஒரு சின்னப் பிள்ளை போகும். அந்தப் பிள்ளையால் யாரையும் காப்பாற்ற முடியாது; ஆனால் பார்த்ததை வீட்டில் வந்து சொல்லும். அக்காவுக்கு அந்தத் துணை நான். எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பாவின் தங்கையான அத்தை, பண்டாரவளைத் துணிக்கடை வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பி வந்திருந்தார். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும். அதன் சாவியைக் கேட்டு வாங்கி, பதினான்கு பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு கூட்டம் தொடங்கினார். இப்போது பூனாகலை வரை பல தோட்டங்களில் நடக்கும் கூட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது. தையல் பழக்குவதாக லயத்து வீடுகளில் பேச்சு. அக்காவோடு போன நான் அங்கே ஊசியைப் பார்த்ததில்லை. பஸ்ஸில் எவனாவது உரசினால் என்ன செய்வது, ஆஸ்பத்திரியில் என்ன கேட்பது, வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது, இவைதான் பாடம்.

தீபாவளி கழிந்ததும் அக்காவைக் கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்கு அனுப்புவதென்று அப்பா பசறைத் தரகரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். டிசம்பரில் அவளுக்கு ஓ.எல். என்ற பள்ளிப் பொதுப் பரீட்சை. அவளை யாரும் கேட்கவில்லை. அவள் பானை கழுவும் சத்தம் மட்டும் கூடியிருந்தது.

ஒரு ஞாயிறு அத்தை நாடகம் போட்டார். தோளில் துண்டைப் போட்டு, தொண்டையைச் செருமி, அப்பாவாகவே மாறிவிட்டார். மகளாக நின்றது அக்கா. முதலில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

"என்னாடி, வாயில கொழுக்கட்டையா?" என்று அத்தை கேட்க, பிள்ளைகள் சிரித்தார்கள். மறுபடி நிற்க வைத்தார். பிறகு அக்கா பேசினாள்.

கூட்டம் கலைந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டார். "எங்க, நீ செஞ்சு காட்டு பாப்போம்."

செய்தேன். செருமல் நன்றாக இருக்கிறதாம். அக்கா பேசுகிற இடத்தை மட்டும் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். எனக்கும் ஒரு வேஷம் கிடைக்கப்போகிறதென்று நினைத்தேன்.

மாலையில் அப்பா வழக்கம்போல் விசாரித்தார். "இன்னைக்கு என்னாம்மா தச்சீங்க?"

"இன்னைக்கு நாடகம்ப்பா."

அவருடைய துண்டையே எடுத்துத் தோளில் போட்டுச் செருமினேன். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏய், இவ என்னையவே செய்றா பாரு!"

பிறகு அக்காவின் இடம் வந்தது. சத்தமாகவே சொன்னேன். "நான் கொழும்புக்குப் போகலப்பா. பரீட்சை எழுதணும். என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அப்பா சிரிப்பை நிறுத்தி, என்னைத் தாண்டி, கதவருகில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"இவ சொல்றது நெசமா?"

நாடகத்தில் வந்தது என்று அவள் தப்பித்திருக்கலாம். "ஆமாப்பா. நான் போகல" என்றாள்.

அப்பா தேத்தண்ணியை முழுவதும் குடித்து முடித்தார். "தரகர்கிட்ட நான் என்னான்னு சொல்றது?"

"பரீட்சைன்னு சொல்லுங்க" என்றார் அம்மா, யோசிக்காமலே.

அந்த வாரமே அப்பா பசறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என் நடிப்பைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்த மனக்குறையோடு அத்தையிடம் போய், நாடகத்தை எப்போது மேடையில் போடுவீர்கள் என்று கேட்டேன்.

"அது அப்பவே முடிஞ்சிருச்சுடி" என்றார்.

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குத் தெரியாமல் வேறு யாரையோ வைத்து நடத்திவிட்டார்கள் என்று முடிவுசெய்து, அன்று முழுவதும் நான் யாருடனும் பேசவில்லை.